ஜீப் ஆக்சில் கம்பியை வீட்டு லேத்தில் கடைய எப்படி இளக்குவது?

கொழிஞ்சாம்பாறை லேத்

எல்லாருக்கும் வணக்கமுங்க. வீட்டுக்குப் பின்னாடி கொட்டாய்ல சின்ன லேத் ஒண்ணு போட்டிருக்கேன். இப்போ பெல்ட் கிரைண்டர் ஒண்ணு சொந்தமாச் செய்யலாம்னு இறங்கியிருக்கேன். அதுக்கு 25 மில்லி ஷாஃப்ட் வேணும். ரெண்டு முனையிலும் 6204 பேரிங் உட்கார்ற மாதிரி 20 மில்லிக்குக் கடையணும்.

நெம்மாறா போற வழியில பழைய இரும்பு விக்கற ஒரு ஆக்ரிக்கடையில, நெல்லியாம்பதிக்கு ஓடிட்டிருந்த ஜீப்போட பின் ஆக்சில் கம்பி கிடைச்சது. 32 மில்லி, துரு இல்லை, உருட்டிப் பார்த்தேன், நேராத்தான் இருந்தது. எடை போட்டு வாங்கிட்டு வந்துட்டேன். சக்ல பிடிச்சு ஹெச்எஸ்எஸ் (அதிவேக உருக்கு) டூல் வச்சா மேல்தோலே இறங்கலைங்க. டூல் முனை நீலமாப் போச்சு. அதைவிடக் கடினமான கார்பைடு டூல் வச்சேன், முனை பொறிஞ்சு போச்சு.

அப்புறம் ஒரு அடி நீளம் வெட்டி, தீச்செங்கல் நடுவுல வச்சு, ரெண்டு கேஸ் டார்ச் போட்டுச் செக்கச் செவேல்னு காய்ச்சினேன். சிமெண்ட் தரையில போட்டு ஆற விட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து நல்லா வீசிட்டிருந்தது. ஆறின பிறகு பார்த்தா ஆச்சரியமா இருக்குங்க. முன்னாடி வெட்டுமுகத்துல நடுப்பகுதி அரத்துக்கு நல்லா இளகிக் கொடுத்துச்சு. இப்போ அந்த நடுப்பகுதியும் முன்னை விட முறுக்கா இருக்கு. காய்ச்சி மெதுவாத்தானே ஆற வச்சேன், எதனால இப்படி ஆச்சு?

செங்கோட்டை டர்னர்

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடுங்க. பெல்ட் கிரைண்டர் ஷாஃப்ட்டுக்கு ஆக்சில் எல்லாம் வேண்டவே வேண்டாம். ஈஎன்8ன்னு நடுத்தரக் கார்பன் உருக்கு ஒண்ணு உண்டு. அதுல பிரைட் பார் 25 மில்லி ஒரு அடி வெட்டிக் கொடுன்னா கோயம்புத்தூர்ல எந்த ஸ்டீல் கடையிலயும் கொடுப்பாங்க. கார்பன் 0.4 சதவீதம் கிட்ட இருக்கும். வாங்கின நிலையிலயே ஹெச்எஸ்எஸ் டூலுக்கு நல்லா இறங்கும். நடுப்பகுதி 25 ரெடியா இருக்கதால முனை ரெண்டை மட்டும் கடைஞ்சாப் போதும். கரியும் கேஸும் எரிச்சு, ரெண்டு நாள் போக்கி, கடைசியில என்ன இரும்புன்னே தெரியாத ஒண்ணுல வேலை செய்யுததுக்கு இது எவ்வளவோ மேல்.

பிரைட் பார்ல ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும். அது குளிர்ந்த நிலையில இழுத்த கம்பி, தோல்ல இழுவிசை அடைஞ்சு கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் கீவே (சாவி உட்காருத பள்ளம்) வெட்டுனா வில்லு மாதிரி வளையும். ரெண்டு முனையைச் சுத்திக் கடையுததுக்கு அந்தப் பயம் கிடையாது.

குறிச்சி ஹீட் ட்ரீட்

கோவையில் சூட்டு உலைகளில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். செங்கோட்டை அண்ணன் சொன்னது சரி, ஷாஃப்ட் மட்டும் தேவை என்றால் ஈஎன்8 வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் ஆக்ரிக்கடைப் பக்கம் போகக் கூடாது.

ஆக்சில் கம்பி முதலில் எப்படி இருந்தது என்று பாருங்கள். மேல்தோலை மட்டும் இண்டக்ஷனில், அதாவது மின்சுருளில், காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்துத் தோய்ச்சல் கொடுத்திருப்பார்கள். உள்ளே கடினமும் இழுபடும் தன்மையும் சேர்ந்த நடுப்பதம். அதனால்தான் தோலில் டூல் இறங்கவில்லை, நடுவில் அரம் கடித்தது. நீங்கள் காய்ச்சியதில் அந்தத் தோலின் கடினம் கலைந்தது. அதுவரை சரி. ஆனால் ஆக்சில் பலவும் ஈஎன்24 மாதிரி நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த உருக்கில் செய்தவை. இந்த இனத்துக்கு எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், காற்றே போதும். ஒரு இஞ்ச் தடிமன் ஈஎன்24 கம்பியைச் சிவக்கக் காய்ச்சி வெறும் காற்றில் ஆறவிட்டாலே கடினம் 360 பிரினெல் (கடினத்தை அளக்கும் எண்) அளவுக்கு நிற்கும். முழுக்க இளக்கியது 217 வாக்கில் இருக்கும். நீங்கள் கணவாய்க் காற்றில், அதுவும் சூட்டை உறிஞ்சும் சிமெண்ட் தரையில் போட்டீர்கள். மெதுவாக ஆறுகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த உருக்குக்கு அது வேகம்.

சிவந்த நிலையில் உள்ளே கார்பன் கரைந்து கிடக்கிறது. சூடு இறங்கும்போது அது பிரிந்து, பட்டை பட்டையாக ஒதுங்கி உட்கார அவகாசம் வேண்டும். ஈஎன்8-க்கு அந்த அவகாசம் சில நிமிஷம். ஈஎன்24-க்கு மணிக்கணக்கு. கலந்திருக்கும் நிக்கலும் மாலிப்டினமும் அந்தப் பிரிவைத் தாமதப்படுத்தும். அவகாசம் கொடுக்காவிட்டால் கடினமாகத்தான் உறையும்.

தம்பி ஒன்று செய்யுங்கள். அந்தக் கம்பியையும், உங்களிடம் இருக்கும் சாதாரண எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) கம்பியையும், பழைய அரம் ஒன்றையும் இருட்டான மூலையில் கிரைண்டரில் பிடித்து மூன்றின் பொறியையும் பார்த்துச் சொல்லுங்கள். எம்எஸ் என்றால் நீளமாக வைக்கோல் நிறத்தில் கோடு ஓடும், பூ குறைவு. அரத்துக்குக் கோடு குட்டை, நிறையப் பூவாக வெடிக்கும். உங்கள் கம்பி எதற்குப் பக்கத்தில் நிற்கிறது?

களியக்காவிளை கொல்லுலை

நான் கொல்லுப்பட்டறைக் குடும்பம். எனக்க அப்பா ரப்பர் வெட்டுக் கத்தி, அருவாள் எல்லாம் லாரி ஸ்பிரிங் பட்டையிலதான் அடிப்பாரு. பட்டையைத் துளை போடணும்னா முந்தின நாள் சாயங்காலமே உலையில சிவக்க வச்சு, அடுப்புச் சாம்பல்ல புதைச்சிட்டு உறங்கப் போயிருவாரு. காலையில எடுத்தா சாதா டிரில் பிட்டே இறங்கும். ஸ்பிரிங் பட்டை பெரும்பாலும் சிலிக்கான் சேர்ந்த 55எஸ்ஐ7 இனம். சாம்பல் அதுக்குத் தாராளம்.

சூடு எவ்வளவுன்னு தெரிய ரெண்டு வழி உண்டு. கம்பியில காந்தத்தைக் கட்டித் தொட்டுப் பாருங்க. 770 டிகிரி பக்கம் ஒட்டாம விட்டிரும். அதுக்கு மேலயும் கொஞ்சம் ஏத்தணும். அப்போ கல்லுப்பு ரெண்டு பரல் இரும்பு மேல போடுங்க. உப்பு 801 டிகிரியில உருகும். உருகி எண்ணெய் மாதிரிப் பரவிச்சுன்னா சூடு வந்தாச்சு. வெயில்ல நிறத்தைப் பார்த்து முடிவு செய்யப்பிடாது, அந்தி நேரத்துலதான் உலை வேலை.

பழைய பட்டை வாங்கும்போது நடு போல்ட் துளை, ரெண்டு கண்ணு, இந்த மூணு இடத்துலயும் கீறல் பாருங்க. மண்ணெண்ணெய்ல ஊற வச்சு, நல்லாத் துடைச்சுட்டு, சாக்குப்பொடி தூவுனா கீறல் இருக்க இடத்துல எண்ணெய் கசிஞ்சு கோடு விழும். கோடு விழுந்த துண்டை எதுக்கும் எடுக்காதிங்க.

கொழிஞ்சாம்பாறை லேத்

குறிச்சி அண்ணா, பொறி பார்த்தேனுங்க. எம்எஸ் அளவுக்கு நீளமில்லை, அரம் அளவுக்குப் பூவும் இல்லை. நடுவாந்தரம். நுனியில சின்னச் சின்னக் கிளை. ஈஎன்8 வாங்கிக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்லை, செங்கோட்டை அண்ணா சொன்னதை ஒத்துக்கறேன். ஆனா இந்தக் கம்பியை இளக்கக் கத்துக்கணும்னு மனசு சொல்லுது. இங்க அரிசி மில்லுக்காரங்க பாய்லர்ல உமி எரிச்சுச் சாம்பலைக் கொட்டி வச்சிருக்காங்க. அது ஆகுமா?

குறிச்சி ஹீட் ட்ரீட்

பாலக்காட்டில் இருந்துகொண்டு உமிச்சாம்பல் ஆகுமா என்று கேட்கிறீர்களே தம்பி! உருக்காலைகளில் உருகிய உருக்கு ஆறிவிடாமல் மேலே போர்த்துவதே உமிச்சாம்பல்தான். அதில் பெரும்பகுதி சிலிக்கா, நடுவில் எல்லாம் காற்றறை. விறகுச் சாம்பலை விட நன்றாகச் சூட்டைத் தாங்கும்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, கடும் சூட்டில் எரிந்த உமியின் தூசு நுரையீரலுக்கு ஆகாது. கொட்டும்போதும் தோண்டும்போதும் நல்ல முகமூடி கட்டாயம், துணி போதாது. இரண்டாவது, சாம்பலில் ஈரம் இருக்கக் கூடாது. வெளியே குவித்து மழையில் நனைந்ததை எடுத்தால் முந்தின நாளே வாணலியில் வறுத்துவிடுங்கள். சிலர் சுண்ணாம்புத் தூள் போடுவார்கள், அதுவும் வேலை செய்யும். ஆனால் நீற்றாத சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும். உமி கிடைக்கிற ஊரில் அது எதற்கு.

வேலந்தாவளம் மில்லிங்

அண்ணா, இடையில ஒரு கேள்வி. எங்கிட்ட ஹைட்ராலிக் சிலிண்டர் ராடு 40 மில்லி, கண்ணாடி மாதிரி மினுங்கற ஒண்ணு வந்திருக்கு. மில்லிங் கட்டரை மாட்டற மேண்ட்ரல் செய்யலாம்னு நினைச்சேன். இதையும் காய்ச்சிச் சாம்பல்ல போடலாமா? கஞ்சிக்கோட்டுல இருந்து வந்த 32 மில்லி கட்டுக்கம்பி மிச்சமும் கிடக்கு.

குறிச்சி ஹீட் ட்ரீட்

அக்கா, அந்த ராடைக் காய்ச்சவே காய்ச்சாதீர்கள். மேலே மின்முலாம் பூசிய கடின குரோமியம். அதன் கனம் மைக்ரான் கணக்குத்தான், ஆனால் கடினம் எந்த அரத்தையும் மிஞ்சும். பெரும்பாலான ராடுகளில் அதன் அடியில் இண்டக்ஷன் தோல் ஒன்றிரண்டு மில்லி இருக்கும். அதையும் தாண்டினால் உள்ளே 0.45 சதவீதம் கார்பன் உருக்கு, வெண்ணெய் மாதிரிக் கடையும். கடையத்தான் வேண்டும் என்றால் முனையைக் கல்லில் சாய்வாகத் தேய்த்து, கார்பைடு டூலைத் தோலுக்கு அடியில் முதல் வெட்டிலேயே இறக்கி ஓட்டுங்கள். தோலைச் சுரண்ட முயன்றால் டூல் போகும். என்னைக் கேட்டால் அந்த மினுக்கை அழிக்காமல் சறுக்குத் தண்டாகப் பயன்படுத்துவதே அதற்கு மரியாதை.

இன்னொன்று, எல்லாரும் படிக்க வேண்டியது. ஷாக் அப்சார்பரில் வரும் ராடுக்கு ஆசைப்பட்டு, கேஸ் நிரப்பிய ஷாக்கை முழுசாக உலையில் வைக்கவோ கட்டர் போடவோ கூடாது. உள்ளே அழுத்தத்தில் வாயுவும் எண்ணெயும் இருக்கிறது, வெடிக்கும். இரு முனையும் அடைத்த எந்தக் குழாயும் அப்படித்தான். துத்தநாகம் பூசிய கம்பி, போல்ட் எதையும் நெருப்பில் வைக்காதீர்கள். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

கட்டுக்கம்பி டிஎம்டி என்றால், ஆலையிலேயே தண்ணீர் பீய்ச்சி வெளி வளையத்தைக் கடினமாக்கியிருப்பார்கள், நடு மென்மை. காய்ச்சினால் அந்த வித்தியாசம் போய்விடும். ஆனால் அது கட்டடத்துக்கு உருட்டியது. கடையும் போது ஒரு இடம் பிசுபிசு, ஒரு இடம் கடுசு என்று மாறும். கைப்பிடி, கொக்கி செய்யலாம். சுழலும் தண்டுக்கு வேண்டாம்.

நகரி தறி மெக்கானிக்

நானும் கேட்டுக்கிறேன் சார். எங்க பக்கம் விசைத்தறிப் பட்டறைகள்ல பழைய பேரிங் வளையம் கூடை கூடையாக் கழியுது. இளக்கி டை, பஞ்ச் செய்ய முடியுமா?

குறிச்சி ஹீட் ட்ரீட்

முடியும், ஆனால் சாம்பலை நம்பாதீர்கள். அது ஒரு சதவீதம் கார்பன், ஒன்றரை சதவீதம் குரோமியம் சேர்ந்த ஈஎன்31 இனம். 800 டிகிரி வாக்கிலிருந்து மணிக்குப் பத்து டிகிரி கணக்கில் இறக்கினால்தான் உள்ளே கார்பைடு உருண்டை உருண்டையாகத் திரளும், டூலும் வழுக்கிக்கொண்டு போகும். அதற்குக் கன்ட்ரோலர் வைத்த மின் உலை வேண்டும். சாம்பலில் ஆறினால் அரம் கடிக்கும், ஆனால் கடைசலில் டூலை அரித்துத் தின்னும். பெரிய பேரிங் சிலவற்றில் தோல் மட்டும்தான் கார்பன் ஏற்றியது, உள்ளே மென்மையான வேறு உருக்கு. அதில் பஞ்ச் செய்தால் தேய்ந்த பிறகுதான் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை லேத்

முதல் முயற்சி முடிஞ்சதுங்க. சொல்றேன்.

இருநூறு லிட்டர் டிரம்மைப் பாதியா வெட்டி, வறுத்த உமிச்சாம்பலை நிரப்பினேன். சிரட்டைக்கரி உலைக்கு ஹேர் டிரையர் ஊதல். அந்தி மயங்கினதும் தொடங்கி, காந்தம் விட்டு, உப்பு உருகி, அதுக்கப்புறமும் இருபத்தஞ்சு நிமிஷம் அதே நிறத்துல பிடிச்சேன். இடுக்கியில எடுத்து டிரம் நடுவுல புதைச்சுத் தகரம் போட்டு மூடினேன். மறுநாள் மத்தியானம் கைய விட்டா இன்னும் வெதுவெதுன்னு இருந்துச்சு. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

லேத்ல மாட்டினா நடுப்பகுதி கொஞ்சம் இறங்குது, டூல் முனகினாலும் வெட்டுது. ஆனா ரெண்டு முனையிலயும் ஒரு இஞ்சுக்குப் பழையபடி கடுசு. எனக்குக் கடையவேண்டியதே அந்த முனைதானுங்களே.

களியக்காவிளை கொல்லுலை

முனைக்கு மூணு பக்கம் சூடு போகும், நடுவுக்கு ரெண்டு பக்கம்தான். அப்பா ஒரு உபாயம் வச்சிருந்தாரு. ஒரு பெரிய இரும்புக் கட்டியையும் கூடவே காய்ச்சி, ரெண்டையும் ஒட்டிப் புதைப்பாரு. கட்டி சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிடும், சின்னத் துண்டு அதோட சேர்ந்து மெல்ல ஆறும். உங்களுக்கு வேண்டியதை விட ரெண்டு இஞ்சு கூட்டி வெட்டுனாலும் முனையை அப்புறம் அறுத்துப் போடலாம்.

குறிச்சி ஹீட் ட்ரீட்

கொல்லுலை அண்ணன் சொன்ன துணைக்கட்டி உருப்படியான உத்தி. ஸ்பிரிங் பட்டை, ஈஎன்8, ஈஎன்9 வரைக்கும் அதுவே போதும். ஆனால் தம்பியின் கம்பி ஈஎன்24 இனம் என்பது இப்போது எனக்கு உறுதி. சாம்பலில் பதினைந்து மணி நேரம் கிடந்தும் முனை கடுசாக நின்றால் வேறு என்ன. வெதுவெதுப்பு மறுநாள் வரை இருந்ததைப் பார்த்து ஏமாற வேண்டாம். 700-லிருந்து 600 வரை இறங்கிய அந்த நேரம்தான் கணக்கு. அதை டிரம் ஒரு மணி நேரத்துக்குள் கடந்திருக்கும். மீதி நேரமெல்லாம் முடிவு எழுதிய பிறகு கழிந்தது.

இந்த இனத்துக்கு 830 டிகிரி ஏற்றி, 650-க்கு இறக்கி, அங்கேயே எட்டு மணி நேரம் நிறுத்துவது ஆலை முறை. இன்னொரு வழி, சிவக்கவே வைக்காமல் 650-லிருந்து 680-க்குள் பல மணி நேரம் பிடித்து வைப்பது. இளக்கம் முழுமையாக இருக்காது, கடைசலுக்கு ஆகும். கரி உலையில் எட்டு மணி நேரம் ஊதிக்கொண்டு நிற்க முடியாது. சூட்டை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிளும் கன்ட்ரோலரும் வைத்துச் சின்ன மின் உலை கட்டுங்கள், அல்லது கோவையில் கூலிக்கு அனீல் செய்யும் (இளக்கிக் கொடுக்கும்) இடத்தில் பெரிய சரக்கோடு சேர்த்துப் போடச் சொல்லுங்கள். எடைக்குத்தான் கூலி, குறைந்தபட்சக் கட்டணம் இருக்கும். நான்கைந்து பேர் துண்டுகளைச் சேர்த்துக் கொண்டுபோனால் கட்டுப்படியாகும்.

வேலந்தாவளம் மில்லிங்

கொழிஞ்சாம்பாறை தம்பி, உங்க பக்கத்துல மண்பானைச் சூளை போடறவங்க யாராவது இருக்காங்களா? எங்க ஊர்ல சூளை மூட்டினா அன்னைக்கு ராத்திரி முழுக்க எரியும், மறுநாள் முழுக்க ஆறும். வைக்கோலும் மண்ணும் போட்டு மூடிருவாங்க. பானை வேகற சூடும் நீங்க சொல்ற சூடும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே?

குறிச்சி ஹீட் ட்ரீட்

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. நாட்டுச் சூளை 700-லிருந்து 850 வரை போகும். பானை வெடிக்காமல் இருக்க அவர்கள் ஆற வைக்கும் நிதானம் நம் டிரம்மில் வராது. செய்து பாருங்கள் தம்பி.

கம்பியை அப்படியே வைத்தால் செதில் செதிலாக உரிந்து, தோலில் கார்பனும் போய்விடும். இரும்புக் குழாய்க்குள் வைத்து, சுற்றிலும் வார்ப்பிரும்புச் சீவலைத் திணித்து, இரு முனையையும் களிமண்ணால் அடையுங்கள். களிமண்ணில் ஊசித்துளை ஒன்று விட வேண்டும், மறக்கக் கூடாது. கரித்தூள் திணிக்காதீர்கள், அது தோலில் கார்பனை ஏற்றிவிடும். சூளைக்காரரிடம் முன்பே சொல்லி, அவர் சொல்லும் இடத்தில் வையுங்கள். அவருடைய பானைகள் அவருக்குப் பிழைப்பு.

கொழிஞ்சாம்பாறை லேத்

மூணு வாரம் ஆச்சுங்க, சூளை போடறதுக்குக் காத்திருந்தேன். பெரியவர் ஒருத்தர், தலைமுறையா இந்த வேலைல இருக்கறவர், குழாயை வாங்கித் தட்டிப் பார்த்துட்டு நடுவுல, தரையை ஒட்டி வச்சார். ஓரத்துல வச்சா சூடு ஒரு மாதிரி இருக்காதுன்னு அவரே சொன்னார். பெரிய பானைங்க சுத்தி நின்னுச்சு. ராத்திரி முழுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் காலையிலதான் பிரிச்சாங்க.

குழாய் வெளியே செதில் உரிஞ்சிருந்துச்சு. உள்ளே கம்பி சாம்பல் நிறத்துல, தோல் கெடாம இருந்தது. ரெண்டு முனையிலயும் அரம் போட்டேன், ஒரே மாதிரி கடிச்சுது. லேத்ல ஹெச்எஸ்எஸ் டூல், அரை மில்லி ஆழம், சோப்பு எண்ணெய். சீவல் சுருள் சுருளா, நீலம் ஏறாம விழுந்துச்சுங்க. 32-லிருந்து 25-க்கு ஒரு மணி நேரத்துல இறக்கினேன். முனை ரெண்டும் 20-க்கு மேல கால் மயிரிழை வச்சு நிறுத்தி, பேரிங்கை மரத்துண்டு வச்சு மெல்லத் தட்டினா உட்கார்ந்துச்சு. கூலியா நான் எதுவும் கொடுக்க முடியலை, பெரியவர் வாங்க மாட்டேன்னுட்டார். அவரோட சக்கரத்துக்குத் தேய்ஞ்சு போன முளை ஒண்ணை அளவெடுத்துட்டு வந்திருக்கேன், மிச்சக் கம்பியில கடைஞ்சு கொடுக்கணும்.

ஒரு சந்தேகம். இவ்வளவு இளக்கின கம்பி கிரைண்டர்ல பெல்ட் இழுவைக்கு வளைஞ்சுக்குமா? திரும்பப் பதம் வைக்கணுமா?

குறிச்சி ஹீட் ட்ரீட்

வேண்டாம் தம்பி. பெல்ட் இழுக்கும்போது தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதில் கடினத்துக்குப் பங்கே இல்லை. இளக்கிய உருக்கும் தோய்ச்சல் வைத்த உருக்கும் ஒரே அளவுதான் வளையும். எந்தச் சுமையில் திரும்ப நிமிராமல் போகும் என்பதில்தான் வித்தியாசம். 25 மில்லி தண்டில் உங்கள் கிரைண்டர் அந்தச் சுமையின் பக்கமே போகாது. திரும்பக் காய்ச்சினால் நேர் போகும், அளவு மாறும், மறுபடி கிரைண்டிங் வேண்டும். குயவர் சக்கரத்து முளை மட்டும் வேறு. அது தேய்மானம். அதன் முனையை மட்டும் சிவக்க வைத்து எண்ணெயில் தோய்த்து, உடனே வீட்டு அடுப்பு ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

செங்கோட்டை டர்னர்

நான் ஈஎன்8 வாங்கச் சொன்னவன்தான், இப்பவும் அவசர வேலைன்னா அதையேதான் சொல்லுவேன். ஆனா இந்தச் சூளைக் கதையை எங்க பட்டறைப் பையன்கிட்டப் படிச்சுக் காட்டுனேன். எங்கிட்ட ஸ்பிரிங் பட்டை எட்டுத் துண்டு கிடக்கு, டூல் ஹோல்டர் செய்ய வச்சது. புனலூர் வழியா அந்தப் பக்கம் வார வேலை ஒண்ணு இருக்கு. உமிச்சாம்பல் ரெண்டு மூட்டை, நனையாததா, எடுத்து வையுங்க தம்பி.